மதுபோதையில் வண்டியோட்டுதல்

மதுபோதையில் வண்டியோட்டுதல் என்பது மது அல்லது மயக்கம் தரும் பிற பொருட்களின் தாக்கத்தால் வண்டியைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்த நிலையில், பொது இடத்தில் இயந்திர வண்டியை ஓட்டுவது அல்லது ஓட்ட முயல்வது ஆகும். உலகின் பெரும்பாலான நாடுகளில் இது தண்டனைக்குரிய குற்றமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். இவ்விறப்புகளுக்கான முதன்மைக் காரணங்களுள் மதுபோதையும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இப்பொருள் பற்றிப் பேசப்படும்போது பெருநகரச் சாலையும் விலையுயர்ந்த மகிழுந்துமே பலருக்கு நினைவில் தோன்றும். செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெறுவனவும் அத்தகைய விபத்துகளே. ஆனால் தமிழ்நாட்டின் நாட்டுப்புறத்தில் இச்சிக்கலின் உருவம் வேறு. அங்கு வண்டி பெரும்பாலும் இருசக்கர வண்டி. இறப்பவர் பெரும்பாலும் அதை ஓட்டியவரோ, பின்னால் அமர்ந்தவரோ, சாலையோரம் நடந்து சென்றவரோ ஆவார். இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலையும் தடுப்பு முறைகளையும் விளக்குகிறது.

உத்திரமேரூர் வட்டாரம்

உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளால் இவ்வூர் பெயர் பெற்றது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள அக்கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றோரையும் பட்டியலிடுகின்றன. ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தோர் அப்பட்டியலில் உள்ளனர். மது அருந்துதல் அந்நான்கனுள் ஒன்று. பொதுப் பொறுப்பையும் போதையையும் ஒன்றாக வைக்கலாகாது என்ற எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று.

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நீடிக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை ஒருபுறமும், சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை மறுபுறமும் செல்ல, இவ்வட்டம் இரண்டிற்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்துள்ளது. ஊருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. தொலைவில் உள்ளன. எனவே மக்களின் போக்குவரத்து பேருந்தையும் இருசக்கர வண்டியையுமே சார்ந்துள்ளது.

நெல் வேளாண்மை, கல் குவாரிகள், ஒரகடம் மற்றும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் வேலை ஆகியவை இப்பகுதியின் வாழ்வாதாரங்களுள் முக்கியமானவை. இம்மூன்றும் சாலையில் ஒன்றுகூடுகின்றன. ஏரிக்கரையை ஒட்டி வளைந்து செல்லும் குறுகிய சாலை, அறுவடைக் காலத்தில் அதன் பாதியில் காயவைக்கப்படும் நெல், நெல்லைச் சுற்றி வைக்கப்படும் கற்கள், கல்லேற்றி விரையும் டிப்பர் லாரி, பணிமுறை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் தொழிலாளி, வண்ணம் அழிந்துபோன வேகத்தடை, தெருவிளக்கில்லாத இரவு என்பன தமிழ்நாட்டின் நாட்டுப்புறச் சாலைகளை அறிந்தவர்களுக்குப் பழக்கமானவையே. தெளிந்த மனநிலையில் உள்ளவரே மிகக் கவனமாக ஓட்டவேண்டிய சாலைகள் இவை.

உடலில் நிகழும் மாற்றங்கள்

மது வகைகளில் போதை தருவது எத்தனால் என்னும் மதுசாரம் ஆகும். இது வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேரடியாக இரத்தத்தில் கலந்து, நீர் உள்ள உடற்பகுதிகள் அனைத்திலும் பரவி, சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. முதலில் பாதிக்கப்படுவது கைகால் அன்று. தன்னைத் தானே மதிப்பிடும் ஆற்றலே ஆகும். "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வது பொய் அன்று. அவர் உண்மையிலேயே அவ்வாறு உணர்கிறார். ஆபத்து அங்குதான் உள்ளது.

அடுத்து, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் திறன் குறைகிறது. எதிர் விளக்கின் கூசலிலிருந்து கண் மீள்வதற்குக் கூடுதல் நேரம் எடுக்கிறது. தடையைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு இடைப்பட்ட நேரம் நீள்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது என்பதால், அரை நொடித் தாமதம் என்பது எட்டு மீட்டருக்கும் கூடுதலான தூரமாகும். மகிழுந்து தானாக நிற்கும். இருசக்கர வண்டியை ஓட்டுநரின் சமநிலையே நிறுத்தி வைக்கிறது. ஆதலால் மகிழுந்து ஓட்டுநரிடம் பெரிதாக வெளிப்படாத அளவு மதுவும் இருசக்கர வண்டியோட்டியைச் சாய்த்துவிடக் கூடும்.

மதுவின் அளவைப் பலர் மிகக் குறைவாக மதிப்பிடுகின்றனர். சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்த சூத்திரத்தைக் கொண்டு இதனைத் தோராயமாகக் கணக்கிடலாம். தமிழ்நாட்டில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவை பொதுவாக 42.8 விழுக்காடு மதுசாரம் கொண்டவை. பேச்சு வழக்கில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மி.லீ. புட்டியில் 77 மி.லீ., அதாவது ஏறத்தாழ 61 கிராம் மதுசாரம் உள்ளது. ஓர் ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 68 விழுக்காட்டில் இது பரவுவதாகக் கொண்டால், 60 கிலோ எடையுள்ளவரின் 100 மி.லீ. இரத்தத்தில் மதுசாரம் ஏறத்தாழ 150 மி.கி. அளவை எட்டும். இது இந்தியச் சட்ட வரம்பைப்போல் ஐந்து மடங்கு. ஒரு புட்டியை இருவர் பகிர்ந்துகொள்வது 'கட்டிங்' எனப்படுகிறது. "கட்டிங் மட்டும்தானே" என்பவரின் இரத்தத்திலும் 75 மி.கி., அதாவது வரம்பைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கும். 5 விழுக்காடு மதுசாரம் கொண்ட 650 மி.லீ. பீர் ஒன்று ஏறத்தாழ 63 மி.கி. அளவைத் தரும். உடல் எடை, பால், உண்ட உணவு, குடித்த வேகம் ஆகியவற்றால் இவ்வெண்கள் மாறும். எனினும் வரம்புக்குள் அடங்குவது அரிது என்பது தெளிவு.

கல்லீரல் மதுசாரத்தை மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. என்ற சீரான வேகத்திலேயே குறைக்கிறது. மோர், எலுமிச்சைச் சாறு, தேநீர், குளிர்ந்த நீரில் குளியல் என மக்கள் நம்பும் எதுவும் இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆகவே இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டரைக் குடித்து முடித்தவர் சட்ட வரம்புக்குக் கீழ் வர மறுநாள் காலை 6 மணி ஆகும். இரண்டு குவார்ட்டர் குடித்தவர் காலை 6 மணிக்கும் ஏறத்தாழ 180 மி.கி. மதுசாரத்துடன் இருப்பார். விடியற்காலையில் டிப்பர் லாரியையோ தொழிற்சாலைப் பேருந்தையோ எடுக்கும் ஓட்டுநர், தாம் உறங்கி எழுந்துவிட்டதால் போதை தீர்ந்தது என்று கருதுவது தவறு. 'முந்தைய நாள் போதை' பற்றி நம் விழிப்புணர்வுப் பரப்புரைகள் ஏனோ மிகக் குறைவாகவே பேசுகின்றன.

மது மட்டுமன்றி, கஞ்சா, தூக்க மாத்திரைகள், சில சளி, ஒவ்வாமை மருந்துகள் ஆகியனவும் ஓட்டும் திறனைக் குறைக்கின்றன. மதுவுடன் இவை சேரும்போது விளைவு மேலும் கடுமையாகிறது.

சட்டம்

குதிரையில்லா வண்டி தோன்றிய சில ஆண்டுகளிலேயே இக்குற்றமும் தோன்றிவிட்டது. 1897 செப்டம்பரில் இலண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் வாடகை வண்டி ஓட்டுநர் மதுபோதையில் வண்டியை ஒரு கட்டடத்தின் மீது மோதியதற்காக 25 சில்லிங் தண்டம் கட்டினார். இரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதுசாரம் இருப்பதே குற்றம் என்னும் முறையை நோர்வே 1936 இல் முதன்முதலில் கொண்டுவந்தது. 1954 இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் உருவாக்கிய மூச்சுச் சோதனைக் கருவி, காவலர் சாலையிலேயே அளவிட வழி செய்தது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் உள்ள மதுசாரம் இரத்தத்தில் உள்ளதற்கு ஏறத்தாழ நிலையான விகிதத்தில் (1 : 2100) இருப்பதே இக்கருவியின் அடிப்படை.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 185 ஆம் பிரிவு இக்குற்றத்தை வரையறுக்கிறது. 1994 திருத்தத்தின் பின் 100 மி.லீ. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மதுசாரம் இருத்தல் குற்றமாகும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 50 மி.கி. வரம்பைவிட இது கடுமையானது. மலேசியா 2020 இல்தான் தன் வரம்பை 80 இலிருந்து 50 மி.கி. ஆகக் குறைத்தது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறை குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதற்கு முன் முதல் முறைத் தண்டம் 2,000 ரூபாய் வரையாக இருந்தது. சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு, இக்குற்றம் புரிந்தோரின் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு 2015 இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. போதையில் உள்ளவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்வோர் மீதும் குற்றத்திற்கு உடந்தை என்ற பிரிவில் நடவடிக்கை எடுக்கப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது.

உயிரிழப்பு நேர்ந்தால் குற்றவியல் சட்டமும் சேர்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு, கவனக்குறைவால் இறப்பு விளைவிப்போருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையோரம் உறங்கிய தொழிலாளர் எழுவர் இறந்த வழக்கில், போதையில் ஓட்டி இறப்பை விளைவித்தல் வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகலாம் என 2012 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தில் நாட்டுப்புறத்தைத் தனியாகப் பாதிக்கும் கூறு ஒன்று உண்டு. 202 ஆம் பிரிவின்படி, 185 ஆம் பிரிவுக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டவர் இரண்டு மணி நேரத்திற்குள் பதிவு பெற்ற மருத்துவரின் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். தனிமனித உரிமையைக் காக்கும் நல்ல விதி இது. ஆனால் இரவில் ஒரு சிற்றூர்ச் சாலையில் பிடிபட்டவரை, ஒரே வண்டியும் ஓரிரு காவலரும் உள்ள நிலையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்று சோதிப்பது எளிதன்று. வாயில் மதுவின் நெடி வீசியது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது என உச்ச நீதிமன்றம் 1971 ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளதால், சோதனை இல்லையேல் வழக்கு நிற்பது கடினம். மேலும், 203 ஆம் பிரிவு மூச்சுச் சோதனைக்கு 'ஐயுறுவதற்கு நியாயமான காரணம்' வேண்டும் என்கிறது. எல்லா ஓட்டுநரையும் பொதுவாகச் சோதிக்கும் அதிகாரத்தை அது வெளிப்படையாகத் தரவில்லை.

எண்ணிக்கையில் வராத இழப்பு

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி 2022 இல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றோர். இறப்புகளில் ஏறத்தாழ 68 விழுக்காடு நாட்டுப்புறங்களில் நேர்ந்தது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு 64,105 விபத்துகளும் 17,884 இறப்புகளும் பதிவாயின. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்.

இவ்வளவு இறப்புகளில் மது, போதைப்பொருள் காரணமாக நேர்ந்தவை எனப் பதிவானவை நாடு முழுவதும் ஏறத்தாழ 4,200 மட்டுமே, அதாவது 2.5 விழுக்காடு. இதனை அப்படியே ஏற்றால் மதுபோதை ஒரு சிறு சிக்கல் என்றே முடிவு செய்யவேண்டி வரும். ஆனால் இவ்வெண் விபத்துகளை அளப்பதைவிடப் பதிவு செய்யும் முறையையே அளக்கிறது எனலாம். மருத்துவமனைகளில் காயமுற்றோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், மதுவின் பங்கு இதைப்போல் பல மடங்கு என்றே காட்டியுள்ளன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, அறிக்கையில் ஒரு விபத்து ஒரு காரணத்தின் கீழ் மட்டுமே எண்ணப்படுகிறது. குடித்துவிட்டு வேகமாகச் சென்றவரின் விபத்து 'அதிவேகம்' என்றே பதிவாகும். 2022 இன் இறப்புகளில் 71 விழுக்காடு அதிவேகத்தின் கீழ் உள்ளது. அதனுள் எவ்வளவு மது ஒளிந்துள்ளது என்பது எவருக்கும் தெரியாது. இரண்டாவதாக, சாலையிலேயே இறந்தவரின் மூச்சைச் சோதிக்க இயலாது. இரத்தத்தை ஆய்வகத்திற்கு அனுப்புவது எல்லா வழக்குகளிலும் நடப்பதில்லை.

மூன்றாவது காரணம் காப்புறுதி ஆகும். வண்டியின் உரிமையாளரே ஓட்டி இறந்தால் அவர் குடும்பத்திற்கு 15 இலட்சம் ரூபாய் வழங்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்புறுதி உள்ளது. ஆனால் மதுபோதையில் ஓட்டியிருந்தால் அத்தொகை மறுக்கப்படும். 2019 திருத்தம் மதுபோதையைக் காப்புறுதி நிறுவனத்தின் எதிர்வாதங்களுள் ஒன்றாகச் சட்டத்திலேயே சேர்த்தது. மோதுண்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு வழங்கிப் பின் உரிமையாளரிடம் மீட்டுக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. ஓட்டி இறந்தவரின் குடும்பத்திற்கு அத்தகைய வழியும் இல்லை. கணவனை இழந்து, வண்டிக் கடனும் எஞ்சி நிற்கும் ஒரு பெண்ணிடம் "அவர் குடித்திருந்தாரா?" என்று கேட்டால் என்ன விடை வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவ்விடையைத் துருவிக் கேட்க ஊரில் எவருக்கும் மனம் வருவதுமில்லை. "மாடு குறுக்கே வந்தது", "பள்ளத்தில் விழுந்தார்" என்றே பதிவாகிறது. இரக்கத்தால் மறைக்கப்படும் இவ்வுண்மை, அடுத்த ஆண்டு அதே சாலையில் விழப்போகும் மற்றொருவருக்கான தடுப்பையும் மறைத்துவிடுகிறது.

நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கு

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937 இல் இராசகோபாலாச்சாரியாரின் ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948 இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டு, 1974 இல் மீண்டும் கொணரப்பட்டு, 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் தனியுரிமையாக ஏற்றது. ஆகவே தமிழ்நாட்டில் மதுவை விற்பதும் அரசு, குடித்து ஓட்டுபவரைப் பிடிப்பதும் அரசு. இம்முரண்பாடு பின்வரும் வழக்கில் வெளிப்பட்டது.

தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கக்கூடாது எனத் தேசிய சாலைப் பாதுகாப்புக் குழு 2004 சனவரியில் தீர்மானித்தது. அத்தீர்மானம் பெருமளவில் ஏட்டிலேயே நின்றது. வழக்கறிஞர் க. பாலு தொடுத்த பொதுநல வழக்கில், தேசிய நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2013 இல் ஆணையிட்டது. தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 'தமிழ்நாடு அரசு எதிர் க. பாலு' என்னும் அவ்வழக்கில் 2016 திசம்பர் 15 அன்று தலைமை நீதிபதி டி. எஸ். தாக்கூர், நீதிபதிகள் டி. ஒய். சந்திரசூட், எல். நாகேசுவர ராவ் ஆகியோர் தீர்ப்பளித்தனர். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளிவிளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது, சாலையிலிருந்து கண்ணில் படுமாறும் இருத்தலாகாது, 2017 ஏப்ரல் 1 முதல் இது நடப்புக்கு வரவேண்டும் என்பன அதன் சாரம். ஒரு மாநிலத்தின் வழக்கு நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள் தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

மறுநாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுள் பலவற்றுக்கு மாற்று இடம் தேடப்பட்டபோது கடைகள் ஊருக்குள்ளும் வயல்வெளிகளுக்கும் குடியிருப்புகளின் அருகிலும் வந்தன. 2017 கோடை முழுவதும் மாநிலமெங்கும் பெண்கள் புதிய கடைகளை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். பல சிற்றூர்களில் கிராம சபைத் தீர்மானங்கள் இயற்றப்பட்டன. ஏப்ரல் மாதம் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் நிகழ்ந்த போராட்டத்தில் பெண் ஒருவரைக் காவல் அதிகாரி அறைந்த காட்சி பரவிப் பெரும் கண்டனத்தை எழுப்பியது. மறுபுறம், சில மாநிலங்கள் நகரங்களுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாகப் பெயர் மாற்றின. தன் ஆணை நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமங்களைத் தடுக்காது என 2017 சூலையில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

தீர்ப்பின் நோக்கம் ஐயத்திற்கு இடமின்றி நல்லது. நெடுந்தொலைவு செல்லும் லாரி, பேருந்து ஓட்டுநர் வழியில் இறங்கிக் குடிக்கும் வாய்ப்பை அது குறைத்தது. ஆனால் அது நெடுஞ்சாலைப் பயணியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி. சிற்றூரில் குடிப்பவர் வழிப்போக்கர் அல்லர்; கடையைத் தேடிச் செல்பவர். கடை இருந்த இடத்திலிருந்து அகன்றால் அவர் பேருந்து நிற்கும் சாலையை விட்டு உட்பாதையில் செல்கிறார். நடந்து போனவர் வண்டியில் போகிறார். கடையைச் சாலையிலிருந்து அகற்றுவதும் குடித்தவரைச் சாலையிலிருந்து அகற்றுவதும் ஒன்றன்று. உத்திரமேரூர் போல இரு பெரும் நெடுஞ்சாலைகளுக்கு இடையில், சிதறிய ஊர்களைக் கொண்ட வட்டாரங்களில் இவ்வேறுபாடு மிகவும் பொருட்படுத்தத்தக்கது.

தடுப்பு முறைகள்

உலக அளவில் மிகுந்த பயன் தந்ததாக அறியப்படுவது எழுமாற்று மூச்சுச் சோதனை ஆகும். ஐயம் எழுந்தவரை மட்டுமன்றி, சாலையில் வரும் எவரையும் நிறுத்திச் சோதிப்பதே இம்முறை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1976 இலும், நியூ சவுத் வேல்ஸ் 1982 திசம்பரிலும் இதனைத் தொடங்கின. நியூ சவுத் வேல்சில் மிகப் பெரும் எண்ணிக்கையில், கண்கூடாக, விளம்பரத்துடன் சோதனை நடத்தப்பட்டதால் சாலை இறப்புகள் உடனடியாகவும் கணிசமாகவும் குறைந்தன. தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, பிடிபடுவோம் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதே மனிதர் நடத்தையை மாற்றுகிறது என்பது அங்கு கிடைத்த பாடம். 10,000 ரூபாய் என்பது ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு மாத வருமானத்திற்கு நிகரான தொகை. ஆயினும் தன் ஊர்ச் சாலையில் ஒருமுறைகூடச் சோதனையைக் கண்டிராதவருக்கு அது வெறும் எண்ணே. கிழமை இறுதியில் நகர நுழைவாயிலில் மட்டும் நடக்கும் சோதனையை உட்சாலை அறிந்தவர்கள் எளிதில் சுற்றிச் சென்றுவிடுவர். இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி, ஊராட்சிச் சாலைகளிலும் சிறிய அளவில் நடத்துவது கூடுதல் பயன் தரும். அதற்கு 203 ஆம் பிரிவில் உள்ள ஐயப்பாட்டு வரையறையைச் சட்டமன்றங்கள் மீள ஆராய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குடித்தவர் ஓட்டவேண்டிய தேவையையே இல்லாமல் செய்வது. நகரங்களில் இது வாடகை மகிழுந்தால் நிறைவேறுகிறது. மதுக்கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் மாநிலத்தில், சிற்றூர்களுக்கான பேருந்துகள் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டால் எஞ்சுவது இருசக்கர வண்டி மட்டுமே. கடைசிப் பேருந்தின் நேரமும் கடை மூடும் நேரமும் இரு வேறு துறைகளால் தீர்மானிக்கப்படுகின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பார் இல்லை. கடைசிப் பேருந்துக்கு முன் கடையை மூடுவது, அல்லது கடை மூடிய பின் ஒரு பேருந்தை இயக்குவது ஆகிய இரண்டில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கடையில் சாவியை வாங்கி வைத்து மறுநாள் தருவது போன்ற ஏற்பாடுகளும் எண்ணிப்பார்க்கத்தக்கவை. ஊரில் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது இங்கு வலிமையாகிறது. "வண்டியை வெச்சிட்டுப் போ மாமா, காலையில வந்து எடுத்துக்கோ" என்று கடைவாசலில் தேநீர் விற்கும் இளைஞர் சொல்வதைக் கேட்பவர், காவலரின் பதாகையைப் படிப்பவரைவிட மிகுதி.

மதுப் புட்டிகளில் குடித்து வண்டியோட்டக் கூடாது என்னும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது 2019 முதல் உணவுப் பாதுகாப்பு விதியாகும். குடிக்கத் தொடங்கிய பின் எவரும் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை.

பணி ஓட்டுநர்களைப் பொறுத்தவரை காலைச் சோதனை முதன்மையானது. குவாரி, செங்கல் சூளை, தொழிற்சாலைப் பேருந்து ஒப்பந்ததாரர் ஆகியோர், வண்டி புறப்படும் முன் ஓட்டுநர் ஒவ்வொருவரும் கருவியில் ஊதுவதை வழக்கமாக்குவது எளிது. ஒரே கருவி ஐம்பது பேருக்குப் போதும். ஊதுபவர் குற்றவாளி ஆக்கப்படாமல் அன்றைய பணியிலிருந்து மட்டும் விலக்கப்பட்டால் மறைப்பும் குறையும். நாள்தோறும் குடிக்காமல் இருக்க இயலாதவருக்குத் தண்டம் தீர்வாகாது. மது சார்பு ஒரு நோய் ஆகும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகள் இதற்குச் சிகிச்சை அளிக்கின்றன. இருமுறை பிடிபட்டவரை நீதிமன்றம் தண்டத்துடன் சிகிச்சைக்கும் அனுப்புவது பல நாடுகளில் உள்ள வழக்கம்.

தலைக்கவசம் போதையைக் குறைப்பதில்லை எனினும் இறப்பைக் குறைக்கிறது. 2022 இல் தலைக்கவசம் அணியாத 50,029 பேர் இந்தியாவில் இறந்தனர். குடித்தவர் அதனை அணிய மறப்பதே வழக்கம் என்பது மற்றொரு துயரம்.

விபத்துக்குப் பின்

விபத்தில் சிக்கியவர் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு உரிய முதலுதவியில் வேறுபாடு இல்லை. ஆனால் நடைமுறையில் ஒரு பெரும் தவறு நேர்வதுண்டு. சாலையோரம் மயங்கிக் கிடப்பவரிடம் மதுவின் நெடி வீசினால், "போதையில் கிடக்கிறார்" என்று கடந்து செல்கின்றனர். தலையில் அடிபட்டு மூளையில் குருதி கசிபவரும் அவ்வாறே உளறுவார், வாந்தி எடுப்பார், உறங்குவதுபோல் கிடப்பார். இரண்டையும் பார்வையால் பிரித்தறிய மருத்துவராலும் எளிதில் இயலாது. எனவே அவரை அடிபட்டவராகவே கொள்ளவேண்டும். வாந்தி மூச்சுக்குழலில் சென்று அடைக்காதவாறு, கழுத்தை அசைக்காமல் உடலை ஒருக்களித்துத் திருப்பி, 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். தண்ணீர் புகட்டுதல் கூடாது.

உதவுபவருக்குக் காவல்நிலையம், நீதிமன்றம் என அலைச்சல் நேரும் என்ற அச்சத்திற்கு இன்று இடமில்லை. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஏற்ற நெறிமுறைகளும், 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134அ பிரிவும் நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கின்றன. பெயரைக் கூடச் சொல்லவேண்டியதில்லை. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021 திசம்பர் 18 அன்று செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கும். உத்திரமேரூரில் அரசு மருத்துவமனை உள்ளது. தலைக்காயம் போன்ற பெருங்காயங்களுக்கு அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காஞ்சிபுரத்திற்கோ செல்லவேண்டும். வழியில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.